ஏழு யானைகளும் கணக்கில் வராத கயிறும்

மாமல்லபுரத்தில் வெண்ணெய்ப் பந்துப் பாறைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும், அந்தக் கதை காதில் விழுந்துவிடும். 1908இல் மதராஸ் கவர்னர் ஆர்தர் ஹேவ்லாக், பாறை உருண்டு வந்து ஊர்மேல் விழுந்துவிடுமோ என்று பயந்தார். ஏழு யானைகளைக் கட்டி இழுக்கச் சொன்னார். பாறை ஒரு இஞ்ச் கூட அசையவில்லை.

கதையில் ஒரு சின்னச் சிக்கல் இருக்கிறது. ஹேவ்லாக் 1896 முதல் 1900 வரைதான் இங்கே கவர்னர். 1908இல் அந்த நாற்காலியில் இருந்தவர் ஆர்தர் லாலி. இரண்டு பேருமே ஆர்தர் என்பதால் குழம்பியிருக்கலாம். ஆக ஒன்று வருஷம் தப்பு, இல்லை ஆள் தப்பு. இரண்டும் தப்பாக இருந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆனால் எனக்கு அதைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று உண்டு. கதையில் யானை எத்தனை என்பது இருக்கிறது. கவர்னர் பெயர், தப்பாகவாவது, இருக்கிறது. எந்தக் கயிற்றால் இழுத்தார்கள்? பாறையில் எந்த இடத்தில் கட்டினார்கள்? யானைகள் ஓய்ந்து நின்றனவா, கயிறு அறுந்ததா? கதைக்கு அதில் அக்கறையே இல்லை.

இழுப்பவரை நினைவில் வைத்துக்கொள்கிறோம். இழுவையைத் தாங்குகிற பொருளை மறந்துவிடுகிறோம். இது கதைக்கு மட்டும் உள்ள பழக்கம் என்றால் விட்டுவிடலாம். கடற்கரை மணலில் வண்டி புதையும்போதும், நாலு மாடவீதியில் தேர் நிற்கும்போதும் அதே பழக்கம்தான் நம்மை நடத்துகிறது. அங்கே அதன் விலை வேறு.

கொஞ்சம் கணக்கு

பாறையின் எடை சுமார் 250 டன் என்கிறார்கள். உயரம் 6 மீட்டர். தரையைத் தொடும் அடிப்பகுதி ஏறத்தாழ 1.2 மீட்டர் அகலம்தான். பாறை சமச்சீரானது, அடித்தளம் மட்டமானது என்று வைத்துக்கொள்வோம். பாறையின் பாதி உயரத்தில் கயிறு கட்டிக் கிடைமட்டமாக இழுத்தால், அதைக் கவிழ்க்கச் சுமார் 50 டன் விசை வேண்டும். ஒரு யானையின் எடை 4 டன் என்போம். ஒவ்வொரு யானையும் தன் எடை அளவுக்கே இழுக்கிறது என்று தாராளமாக வைத்தாலும், ஏழு யானைக்கு 28 டன்தான். போதாது.

உச்சியில் கட்டினால்? 25 டன் போதும். ஏழு யானைகள் ஜெயித்துவிடும். ஆனால் உருண்டைப் பாறையின் உச்சியில் கயிறு எப்படி நிற்கும்? இழுத்த உடனே வழுக்கிக் கீழே வந்துவிடும். அதாவது யானை எத்தனை என்பதைவிட, கயிற்றை எங்கே மாட்டினார்கள் என்பதுதான் கதையின் முடிவைத் தீர்மானித்திருக்கும். கதை சொல்லாமல் விட்ட ஒரே விவரம் அதுதான்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இன்று வண்டி மீட்பில் பரவலாகப் பயன்படும் ஒரு பொருள் இருக்கிறது. லாடம் மாதிரி வளைந்த இரும்பு, அதன் வாயை மூடத் திருகாணி போட்ட ஒரு பின். பெயர் ஷேக்கிள். முக்கால் இஞ்ச் ஷேக்கிள் ஒன்றேகால் கிலோ இருக்கும், கைக்குள் அடங்கும். நல்ல கம்பெனி பொருள் என்றால் அதன் உடம்பிலேயே 4.75 டன் என்று பொறித்திருக்கும். அது உடையும் எடை இல்லை. தினசரி வேலைக்கான வரம்பு. தரமான தயாரிப்பில் உடையும் எடை அதைப்போல ஆறு மடங்கு, 28.5 டன். நம் ஏழு யானைகளும் தன் எடைக்கு இழுத்தாலும் தாங்கும் பொருள் உள்ளங்கையில் இருக்கிறது. அந்த எண் அதன்மேல் எப்படி வந்தது என்பது நல்ல கதை.

கட்டு என்னும் தொழில்நுட்பம்

படூரிலிருந்து கிழக்கே போனால் முதலில் பக்கிங்ஹாம் கால்வாய், அதைத் தாண்டினால் கோவளம், அப்புறம் கடல். இந்த ஐந்தாறு கிலோமீட்டருக்குள்ளேயே கயிற்றின் வரலாறு முக்கால்வாசி இருக்கிறது.

கால்வாயை 1806இல் பேசில் காக்ரேன் தொடங்கினார். 1877-78 பஞ்ச காலத்தில் கூலிக்கு வந்த ஏழைகளின் உழைப்பில் அது நீண்டது. அப்போதைய கவர்னர் பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் ஒட்டிக்கொண்டது. உப்பும் விறகும் ஏற்றிய படகுகளைக் காற்று இல்லாத நேரத்தில் கரையில் நடந்தபடியே ஆட்கள் கயிறு கட்டி இழுத்தார்கள். கவர்னர் பெயர் கால்வாயில் நிற்கிறது. இழுத்தவர்கள் பெயரும் இல்லை, கயிறு திரித்தவர்கள் பெயரும் இல்லை.

கடற்கரைக்கு வந்தால் கட்டுமரம். பெயரைக் கவனியுங்கள். மரத்துக்கு முன்னால் கட்டு வருகிறது. இங்கே மரம் கச்சாப்பொருள், கட்டுதான் தொழில்நுட்பம். ஆங்கிலம் இந்தச் சொல்லை அப்படியே எடுத்துக்கொண்டது. ஆனால் அங்கே போனதும் கட்டு காணாமல் போய், இரட்டை உடல் கொண்ட படகு என்ற அர்த்தம் மட்டும் மிஞ்சியது.

மதராஸுக்குத் துறைமுகம் வராத காலத்தில் கப்பல்கள் தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும். அலை உடையும் பகுதியைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரை சேர்த்தது மசூலாப் படகு. அதில் ஆணி கிடையாது. பலகைகளைத் தேங்காய் நார்க் கயிற்றால் தைத்திருப்பார்கள். ஐரோப்பிய மாலுமிகளின் ஆணி அடித்த படகுகள் இந்த அலையில் அடிபட்டு நொறுங்கும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். நெகிழ்வும் ஒரு வகை பலம்தான் என்பதை இந்தக் கடற்கரைக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியிருக்கவில்லை.

தேங்காய் நார் உப்புத் தண்ணீரில் சீக்கிரம் அழுகாது. மிதக்கும். இழுத்தால் கொஞ்சம் நீளும். நீளும் கயிறு அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். ஆனால் ஒரு குறை. எவ்வளவு தாங்கும் என்று கேட்டால் கயிறு பதில் சொல்லாது. திரித்தவரின் கைக்குத்தான் தெரியும். அவரைத் தெரிந்தவருக்கு மட்டும்தான் அந்தக் கயிற்றின் பலம் தெரியும். ஊருக்குள் இது போதும். கயிறு ஊர் தாண்டிச் சந்தைக்குப் போனால் போதாது.

எண் பிறந்த கதை

சந்தைப் பிரச்சினையை முதலில் முட்டிப் பார்த்தவர்கள் கப்பல்காரர்கள். நங்கூரக் கயிறு பாறையில் உரசி அறுந்தால் கப்பல் போச்சு. பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி சாமுவேல் பிரவுன் 1806இல் பெனலபி என்ற கப்பலில் சணல் கயிற்றுக்குப் பதில் இரும்புச் சங்கிலி போட்டு மேற்கிந்தியத் தீவுகள்வரை ஓட்டிக் காட்டினார். 1808இல் சங்கிலிக் கண்ணிக்கும், துண்டுகளை இணைக்கும் ஷேக்கிளுக்கும் காப்புரிமை வாங்கினார். அதோடு நிற்கவில்லை. விற்பதற்கு முன்னாலேயே சங்கிலியை இழுத்துச் சோதிக்கும் இயந்திரத்தையும் தன் பட்டறையில் வைத்தார்.

இரும்பு வந்ததும் புதுப் பயம் வந்தது. கயிறு சாவதற்கு முன்னால் சொல்லும். ஒரு புரி பிரியும், நார் நாராக உதிரும், முனகும். சங்கிலி சொல்லாது. நூறு கண்ணி நன்றாக இருந்து ஒரு கண்ணியின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல் இருந்தால் மொத்தச் சங்கிலியின் பலமும் அந்த மயிரிழைதான். விலைக்குறைப்பில் மட்டமான சங்கிலிகள் சந்தையில் பெருகின, கப்பல்கள் போயின. கடைசியில் 1864இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் போட்டது: நங்கூரச் சங்கிலியை விற்க வேண்டுமென்றால் சோதித்து முத்திரை குத்த வேண்டும். இரும்பின்மேல் எண் வந்தது அழகுக்காக இல்லை. அறுந்த சங்கிலிகளும் மூழ்கிய மனிதர்களும் சேர்ந்து எழுதிய எண் அது.

அதே காலத்தில் ஜெர்மனியில் வேறொரு பதில் கிடைத்தது. ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் சங்கிலிகள் திடீர் திடீரென்று அறுவதைப் பார்த்து நொந்துபோன அதிகாரி வில்ஹெல்ம் ஆல்பர்ட், ஒரே பாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்கினால் சங்கிலி களைத்து உடைகிறது என்று சோதித்துக் கண்டார். 1834இல் கிளவுஸ்தாலில் இரும்புக் கம்பிகளை நார்போலத் திரித்துக் கயிறாக்கினார். ஒரு கம்பி அறுந்தால் பக்கத்துக் கம்பிகள் அதன் சுமையை வாங்கிக்கொள்ளும். தேங்காய் நார்க் கயிற்றின் தர்மத்தை இரும்புக்குச் சொல்லிக்கொடுத்தது மாதிரி.

அப்புறம் 1935இல் டூபாண்ட் ஆய்வகத்தில் நைலான். இன்று வண்டி மீட்புக்கு விற்கும் நீளும் கயிறு நைலான்தான். நல்ல கயிறு தன் நீளத்தில் 30 சதவீதம்வரைகூட நீளும். கடைசியாக, நெதர்லாந்தில் உருவான டைனீமா இழை. அதே எடை இரும்பைவிடப் பல மடங்கு பலம், தண்ணீரில் மிதக்கும், ஆனால் நீளவே நீளாது. உரசலும் சூடும் அதற்கு எமன். இழையிலேயே முடிச்சுப் போட்ட மென் ஷேக்கிள் இதிலிருந்துதான் வருகிறது. கட்டுமரத்தின் கட்டு ஒரு சுற்றுச் சுற்றிக் கோவளத்துக்கே திரும்பி வந்துவிட்டது.

கர்ணனின் சக்கரம்

நம் இதிகாசத்தில் மிகப் பிரபலமான வண்டி மீட்பு எதுவென்றால் கர்ணனுடையது. சக்கரம் மண்ணில் புதைகிறது. இறங்கி, ஒற்றை ஆளாக, வெறுங்கையால் தூக்கப் பார்க்கிறான். முடியவில்லை. நாம் அதைச் சாபம் என்று படிக்கிறோம். ராணுவக் கையேடுகள் அதை எண்ணாகப் படிக்கும். அமெரிக்க ராணுவத்தின் மீட்பு விதி இப்படிப் போகும்: சக்கர ஆழம்வரை புதைந்தால் இழுக்க வேண்டிய விசை வண்டியின் எடை அளவு. மட்கார்டுவரை புதைந்தால் இரண்டு மடங்கு. அதற்கும் மேலே என்றால் மூன்று மடங்கு.

கோவளம் பக்கம் சனி ஞாயிறில் புதைகிற வண்டிகளுக்கு இதைப் போட்டுப் பாருங்கள். ஆள், சாமானோடு 2 டன் என்றால் மோசமான நிலையில் 6 டன். நம் 4.75 டன் ஷேக்கிளின் வேலை வரம்பைத் தாண்டியாச்சு. இது பொழுதுபோக்குக்காரர்களின் கவலை மட்டுமில்லை. 2015 டிசம்பரிலும் 2023 மிக்ஜாம் புயலிலும் பள்ளிக்கரணை, பெரும்பாக்கம் பக்கமெல்லாம் தண்ணீரில் நின்ற வண்டிகளைப் பார்த்தோம். அடுத்த மழையில் யாரோ யாருடைய வண்டியையோ கையில் கிடைத்ததைக் கட்டி இழுக்கத்தான் போகிறார்கள்.

கிடைத்ததைக் கட்டுவதில் என்ன ஆபத்து? 10 மீட்டர் நைலான் கயிறு 2 மீட்டர் நீண்டு, 6 டன் விசையில் நிற்கிறது என்போம். அதற்குள் சுமார் 60,000 ஜூல் ஆற்றல் அடங்கிக் கிடக்கிறது. அப்போது வண்டியின் கொக்கி பிய்ந்தால், அந்த ஆற்றலில் நூற்றில் ஒரு பங்கு அந்த ஒன்றேகால் கிலோ இரும்புக்குப் போனாலே போதும், அது மணிக்கு 110 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும். இருபதடி தூரத்தில் போனில் வீடியோ எடுத்துக்கொண்டு ஒரு பையன் நிற்பான். எப்போதும் ஒருவன் நிற்பான்.

டிரெய்லர் மாட்டும் உருண்டைக் குமிழில் மீட்புக் கயிறு மாட்டக் கூடாது என்று உலகெங்கும் தலையில் அடித்துச் சொல்வது இதனால்தான். அந்தக் குமிழ் உருண்டு வரும் டிரெய்லருக்குச் செய்தது, புதைந்த வண்டியின் வெட்டிழுப்புக்குச் செய்ததல்ல. உடைந்தால் அது பீரங்கிக் குண்டு. மற்ற நாடுகளில் ஆட்களைக் கொன்றிருக்கிறது.

நாலு வடம் என்றால் நாலில் ஒரு பங்கா?

தமிழ்நாட்டில் மிகக் கனமான வண்டியைக் கயிறு கட்டி இழுப்பது யார் என்று கேட்டால், எந்த ஜீப் கிளப்பும் இல்லை. கோயில்கள்தான். திருவாரூர் ஆழித்தேர் 1926இல் எரிந்துபோய், புதிதாகக் கட்டி 1930இல் ஓடியது. 1948க்குப் பிறகு நின்றுபோய் 1970இல் மறுபடி ஓடியது. இரும்புச் சக்கரத்தையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தது. பின்னாலிருந்து புல்டோசர் தள்ளுகிறது. எல்லாம் நவீனமானது. முன்னால் மட்டும் வடம் அப்படியே இருக்கிறது, இருக்கவும் வேண்டும். வடம் பிடிப்பதுதான் திருவிழா.

2024 ஜூன் 21, திருநெல்வேலி. நெல்லையப்பர் கோயில் ஆனித் தேரோட்டம். சுமார் 450 டன் என்று சொல்லப்படும் தேர். இழுக்கத் தொடங்கியதும் வடம் அறுந்தது. கட்டி இழுத்தார்கள், மறுபடி அறுந்தது. இரும்புச் சங்கிலி கட்டிப் பார்த்தார்கள். திருச்செந்தூர் கோயிலிலிருந்து வடம் வரவழைத்தார்கள். பக்தர்கள் கொதித்தார்கள், அரசியல்வாதிகள் அறிக்கை விட்டார்கள், அபசகுனம் என்று ஒரு கூட்டம் சொன்னது.

அன்று எது தவறு என்று தீர்ப்புச் சொல்ல இங்கே உட்கார்ந்திருக்கும் எனக்குத் தகுதியில்லை. ஆனால் பல கயிறுகளில் இழுப்பதன் பொதுவான இயற்பியலைச் சொல்லலாம். நாலு வடம் என்றால் சுமை நாலாகப் பிரியும் என்று மனசு நினைக்கும். பிரியாது. எது கொஞ்சம் குட்டையோ, எந்தப் பக்கம் ஆள் அதிகமோ, அந்த வடம் பெரும்பங்கைத் தூக்கிக்கொள்ளும். அது அறுந்த கணம் மீதி மூன்றுக்கும் சுமை மெல்ல ஏறாது, அடியாக இறங்கும். அடுத்த பலவீனமானது போகும். ஒன்று அறுந்த பிறகு அடுத்தடுத்து அறுவதற்குச் சகுனம் தேவையில்லை. நீளாத சங்கிலியையும் நீளும் வடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் கட்டினால் சங்கிலிதான் எல்லாவற்றையும் வாங்கும், வடம் சும்மா தொங்கும்.

சிவகங்கை மாவட்டம் சிங்கம்புணரியில் தலைமுறைகளாகத் தேர்வடம் திரிக்கிறார்கள். தேங்காய் நாரைப் புரியாக்கி, புரிகளை முறுக்கி, மனிதத் தொடை தடிமனில் வடம் உருவாகும். எங்கெங்கோ உள்ள கோயில்களிலிருந்து ஆர்டர் வரும். அந்தக் கைகளின் அறிவில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த அறிவு வடத்தோடு சேர்ந்து பயணம் செய்வதில்லை. கோயில் மண்டபத்தில் சுருண்டு கிடக்கும் வடத்தைப் பார்த்து, இது எந்த வருஷம் திரித்தது, எத்தனை தேரோட்டம் பார்த்தது, எலி கடித்ததா, மழையில் ஊறியதா, எவ்வளவு தாங்கும் என்று ஒரு புது ஆளால் சொல்ல முடியுமா?

"தாங்கும் சார்"

பாரிமுனையில் செம்புதாஸ் தெருவில் ஷேக்கிள் விலை கேட்டுப் பாருங்கள். பளபளவென்று ஒன்றை எடுத்துப் போடுவார்கள்.

"எவ்வளவு தாங்கும்ணா?"

"தாங்கும் சார். எல்லாரும் இதான் வாங்குறாங்க."

பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். 1864க்கு முந்தைய உரையாடல் அது. எண் பொறிக்காத ஷேக்கிள் கொடியேற்ற, கீற்றுக் கட்ட, கதவைப் பூட்ட உதவும். மனிதர் பக்கத்தில் நிற்கும் இழுவைக்கு உதவாது. வாங்கும்போது நான் பார்ப்பது நாலே விஷயம். உடம்பில் வேலை வரம்பும் தயாரித்தவர் பெயரும் வார்ப்பிலேயோ அடிப்பிலேயோ இருக்க வேண்டும், ஸ்டிக்கரில் அல்ல. பின் அதனுடையதாகவே இருக்க வேண்டும், வேறொன்றின் பின்னைத் திருகியிருக்கக் கூடாது. மாட்டும்போது விசை நேராக வர வேண்டும். 90 டிகிரி பக்கவாட்டில் இழுத்தால் அதன் பலம் பாதியாகிவிடும். நாலாவது, அதைக் கோக்கப் போகும் கயிறும் வண்டியின் கொக்கியும் அதே அளவுக்குத் தகுதியானவையா என்பது. ஆறாயிரம் ரூபாய்க் கயிற்றை அறுபது ரூபாய்ப் போல்ட்டில் மாட்டினால் உங்களிடம் இருப்பது அறுபது ரூபாய்க் கயிறு.

பாற்கடல் கதையை இங்கே நினைத்துக்கொள்கிறேன். நம் இழுவைக் கதைகளில் கயிற்றுக்குப் பெயர் இருப்பது அதில்தான். வாசுகி. இரண்டு பக்கமும் இழுத்ததில் அதற்கு வலித்தது, விஷம் கக்கியது. கயிற்றைக் கணக்கில் எடுக்காவிட்டால் என்ன வரும் என்பதை அந்தக் கதை மறைக்கவில்லை.

தேர்வடம் ஒவ்வொன்றிலும் ஒரு சின்னப் பித்தளைத் தகடு கோத்துவிடலாம். திரித்த ஊர், திரித்தவர் பெயர், திரித்த தேதி, இழுத்துச் சோதித்த எடை, எந்த வருஷம் மாற்ற வேண்டும் என்பது. ஐந்து வரி. வடத்தின் பக்தி இதனால் குறையாது. தேரைச் செய்த தச்சர்களுக்குக் கிடைக்கிற மரியாதை முதல்முறையாகக் கயிறு திரித்தவர்களுக்கும் கிடைக்கும். வடத்தைப் பிடித்து நிற்கப் போகிற ஆயிரம் பேரில் யாராவது ஒருவர் குனிந்து அதைப் படித்துவிட்டு, "இது போன வருஷமே மாத்தியிருக்கணுமே" என்று சத்தமாகச் சொல்லவும் முடியும்.